எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பெங்களூரு ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டைகளோடு ஒரு தள்ளுவண்டி சாலைக்கு வருகிறது. அது எத்தனை கார்களுக்குச் சமம்? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட ஐஆர்சி 106 என்ற வழிகாட்டியில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு காரை 1 என்று வைத்தால் தள்ளுவண்டி 2. சாலையில் ஓடும் வண்டிகளில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தள்ளுவண்டிகளாக இருந்தால், ஒவ்வொன்றும் 3. ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை. பஸ்ஸுக்கு 2.2 முதல் 3.7 வரை. பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் 0.5 முதல் 0.75 வரை. வண்டி அடைக்கும் இடத்தோடு, பின்னால் வருபவர்களை அது எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதும் சேர்ந்ததுதான் இந்த எண். காரைவிடச் சின்னதாக இருந்தும் தள்ளுவண்டிக்குக் கூடுதல் மதிப்பு கிடைப்பது அதனால்தான்.

சிவாஜிநகரில் இந்த வகைகள் எல்லாம் ஒரே தெருவில் ஓடுகின்றன. 1809-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக உருவான பெங்களூர் கண்டோன்மெண்ட்டின் பழைய பகுதி இது. 1933-ல் திறந்த ரஸ்ஸல் மார்க்கெட், பவுரிங் ஆஸ்பத்திரி, புனித மரியன்னை பசிலிக்கா, கமர்ஷியல் தெரு, எந்நேரமும் கூட்டம் குறையாத பஸ் நிலையம் எல்லாமே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே கடைவாசலில் கேட்கும் இடம். இங்கே பஸ் ஏறுகிறவர் எந்த மொழியில் பேசினாலும் கேட்பது ஒன்றைத்தான்: போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்?

கே.ஆர்.புரத்தை எடுத்துக்கொள்வோம். அல்சூர் வழியாகப் பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்து, டின் ஃபேக்டரியைத் தாண்டி, தொங்கு பாலத்தைக் கடந்தால் கே.ஆர்.புரம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கண்டக்டரைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பார். ஆட்டோக்காரர் முக்கால் மணி என்பார். செல்போன் 52 நிமிடம் என்று காட்டும். மூவர் சொல்வதும் ஓர் எண். இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் விடை கிடையாது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் நிறுவப்போவது. ஒற்றை எண்ணை நம்புவதால் நாம் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் ஓர் எளிய தவறைத் தீர்த்துவிடலாம். 10 கிலோமீட்டர் பயணத்தில் முதல் பாதி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், மறுபாதி 10 கிலோமீட்டர் வேகம் என்றால் சராசரி வேகம் என்ன? 20 என்று மனம் சட்டென்று சொல்லும். அப்படியானால் அரை மணியில் போய்விடலாம். ஆனால் முதல் 5 கிலோமீட்டருக்கு 10 நிமிடம், அடுத்த 5 கிலோமீட்டருக்கு 30 நிமிடம். மொத்தம் 40 நிமிடம், சராசரி வேகம் 15. மெதுவான பகுதியில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம், ஆகவே சராசரியைத் தீர்மானிப்பதும் அதுதான். நல்ல சாலையில் விரட்டி ஓட்டி டின் ஃபேக்டரியில் இழந்ததை மீட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மீட்க முடியாது.

சிக்னலுக்குள் இருக்கும் கணிதம்

இனி விஷயத்துக்கு வருவோம். வழியில் ஒரு சிக்னல். 180 விநாடிக்கு ஒரு சுற்று. அதில் உங்கள் பக்கம் 120 விநாடி சிவப்பு, 60 விநாடி பச்சை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எந்த விநாடியில் வந்து சேர்வீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை. மூன்றில் ஒரு தடவை நிற்காமலே கடந்துவிடுவீர்கள். நிற்கும் தடவைகளில் சராசரியாக 60 விநாடி காத்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்தால் சராசரி 40 விநாடி. பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வெப்ஸ்டர் என்பவர் 1958-ல் வெளியிட்ட சிக்னல் தாமதச் சூத்திரத்தின் முதல் உறுப்பு ஏறக்குறைய இதுதான். வாகனங்கள் முன்னும் பின்னுமாக வருவதால் சேரும் தாமதத்தை அடுத்த உறுப்புகள் பார்த்துக்கொள்கின்றன.

சராசரியைவிட முக்கியமானது அதிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகுகிறது என்பது. புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். மேலே சொன்ன சிக்னலுக்குக் கணக்கிட்டால் அதுவும் சரியாக 40 விநாடி வரும். சராசரி எவ்வளவோ அவ்வளவே ஊசலாட்டமும்.

இப்படிப் பதினாறு சிக்னல்கள் இருந்தால்? சராசரிகளைக் கூட்டலாம்: 640 விநாடி, அதாவது 10 நிமிடம் 40 விநாடி. திட்ட விலக்கத்தை அப்படிக் கூட்டக் கூடாது. ஒரு சிக்னலில் மாட்டினால் இன்னொன்றில் தப்புவோம். கெட்டதும் நல்லதும் ஓரளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிக்னல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இயங்கினால் ஊசலாட்டம் 16 மடங்கு பெருகாது, அதன் வர்க்கமூலமான 4 மடங்குதான் பெருகும்: 160 விநாடி. பதினோரு நிமிடம், கூடவோ குறையவோ மூன்று நிமிடம். இதை வைத்துத் தாராளமாகத் திட்டமிடலாம். நள்ளிரவில் கே.ஆர்.புரம் போகிறவரின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

மாலை ஆறரை மணிக்கு இந்த நல்ல செய்தி செல்லாது. அப்போது சிக்னல்கள் தனித்தனி அல்ல. டின் ஃபேக்டரியில் வெளிவட்டச் சாலையும் பழைய மெட்ராஸ் ரோடும் முட்டிக்கொள்ளும் இடத்தில் வரிசை நீண்டால், அது பின்னோக்கி வளர்ந்து முந்தைய சந்திப்பை அடைக்கும். அந்தச் சந்திப்பில் பச்சை விழுந்தும் வண்டி போக இடமிருக்காது. அங்கே நிற்பவர்களின் வரிசை அதற்கும் முந்தைய சந்திப்பை எட்டும். ஓரிடத்தில் தொடங்கிய கெட்ட நேரம் எல்லா இடத்துக்கும் கெட்ட நேரமாகிறது. எல்லாம் முழுக்கக் கைகோத்து இயங்கினால் ஊசலாட்டம் 160 விநாடி அல்ல, 640 விநாடி. அதே சாலை, அதே சராசரி. நிச்சயமின்மை மட்டும் நான்கு மடங்கு. போக்குவரத்து நேரத்தை மதிப்பிடுவதில் உள்ள மொத்தச் சிரமத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தாமதங்கள் கூட்டாக வருகின்றன.

ஏன் கூட்டாக வருகின்றன என்பதற்கு வரிசைக் கோட்பாடு ஒரு விளக்கம் தருகிறது. ஒரே ஒரு ஆள் பொருள் போடும் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்னும் பின்னுமாக வருகிறார்கள். கடைக்காரரின் திறனில் பாதி அளவுக்கு ஆட்கள் வந்தால் கடையில் சராசரியாக ஒருவர் இருப்பார். 80 சதவீதம் வந்தால் நான்கு பேர். 90 சதவீதத்தில் ஒன்பது பேர். 95 சதவீதத்தில் பத்தொன்பது பேர். வேலைப்பளு 90-லிருந்து 95 ஆகும்போது வரிசை இரு மடங்குக்கும் மேலாகிறது. சாலையும் இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. ஒரு கோடியைத் தாண்டிய பெங்களூரு வாகனங்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாக வெளியே வந்தாலே போதும். அதுகூட வேண்டாம். மழை பெய்தால் வாகனங்கள் கூடுவதில்லை, சாலையின் திறன் குறைகிறது, விகிதம் ஏறிவிடுகிறது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு வரிசையாக நிற்கும் ஆட்டோக்கள் இரண்டு வரிசையானாலும் அதே கதி.

இதே காரணத்தால்தான் பயண நேரங்களின் வரைபடம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும் 25 நிமிடத்துக்குக் குறைவாகப் போக முடியாது என்று ஒரு தரை உண்டு. மேலே கூரை கிடையாது. நல்ல நாள் நமக்குப் பத்து நிமிடம் தரும். கெட்ட நாள் ஒரு மணி நேரத்தைப் பறிக்கும். மனித மனமோ நல்ல நாளைத்தான் நினைவில் வைத்துத் திட்டமிடுகிறது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இதைத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டு விளக்கினார்கள். ஒரு தடவை முப்பத்தைந்து நிமிடத்தில் போன நினைவு, ஒவ்வொரு நாளும் நம்மைத் தாமதமாகக் கிளம்ப வைக்கிறது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் தனிக் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று நினைப்போம். பஸ்கள் சீராக வந்தால்தான் அது சரி. ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், எல்லாரும் ஏற நேரமாகும், தாமதம் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது. அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். இரண்டிரண்டு பஸ்ஸாக இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்ற சராசரி மாறவே இல்லை. ஆனால் காத்திருப்பின் சராசரி ஐந்திலிருந்து பத்தாகிவிடும். நீண்ட இடைவெளியில்தான் அதிக ஆட்கள் வந்து சேர்கிறார்கள். நமக்கு மட்டும் எப்போதும் பஸ் தாமதமாக வருகிறது என்ற உணர்வுக்குக் கணிதம் சான்று தருகிறது.

செல்போனுக்கு எப்படித் தெரிகிறது?

வரைபடச் செயலிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகின்றன. சாலையில் போகும் செல்போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்த்து நெரிசலை அறிகின்றன. பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களை ஒரு சிறு கைவண்டியில் போட்டு வெறிச்சோடிய தெருவில் மெதுவாக இழுத்துப் போனார். அங்கே கடும் நெரிசல் என்று வரைபடம் சிவப்புக் காட்டியது. 2020-ல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனை, செயலி பார்ப்பது செல்போனைத்தான், சாலையை அல்ல என்பதைக் காட்டியது.

இப்போது உள்ள வேகம் தெரிந்தால் மட்டும் போதாது. கே.ஆர்.புரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்துத்தான் போய்ச்சேர்வோம். அப்போதைய டின் ஃபேக்டரியை இப்போதே கணிக்க வேண்டும். அதற்குப் பழைய நாட்களின் பதிவுகள் உதவுகின்றன. கூகுளும் டீப்மைண்டும் 2020-ல் விளக்கிய முறையில், அடுத்தடுத்த சாலைத் துண்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒரு துண்டின் நெரிசல் அடுத்ததற்கு எப்படிப் பரவுகிறது என்பதை நரம்பு வலைப்பின்னல் கற்றுக்கொள்கிறது. தாமதங்கள் கூட்டாக வருகின்றன என்று மேலே பார்த்தோமே, அந்த உறவைத்தான் இயந்திரம் கற்கிறது. சிட்னி, டோக்கியோ, ஜகார்த்தா போன்ற நகரங்களில் கணிப்பு 50 சதவீதம் வரை மேம்பட்டதாக அவர்கள் அறிவித்தார்கள். இந்தியாவுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. கார் நகராத இடத்தில் பைக் இடுக்கில் புகுந்து சிக்னலின் முன்வரிசைக்குப் போய்விடும். ஒரே சாலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயண நேரங்கள். 2017 டிசம்பரில் கூகுள் இருசக்கர வாகனத்துக்கான வழிகாட்டலை முதலில் இந்தியாவில் கொண்டுவந்ததற்கு இதுவே தேவையாக இருந்தது.

நம் பக்கத்தில் நடந்த ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் லலிதா வனஜாட்சியும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் வெளியிட்ட கட்டுரை, ஜிபிஎஸ் பொருத்திய பஸ்களின் தகவலைக் கொண்டு அடுத்த பஸ்ஸின் பயண நேரத்தைக் கணித்தது. பயன்பட்டது கால்மன் வடிகட்டி. 1960-ல் ருடால்ஃப் கால்மன் தந்த முறை, அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டியதும் இதுதான். ஒரு கணிப்பு இருக்கிறது, ஒரு அளவீடு வருகிறது, இரண்டுமே பிழையுள்ளவை, எதை எவ்வளவு நம்பலாமோ அந்த விகிதத்தில் கலந்து புதிய கணிப்பைச் செய்துகொள். வரிசை ஒழுங்கற்ற, பலவகை வண்டிகள் கலந்த நம் சாலைக்கென்றே இந்த முறையைப் பொருத்திப் பார்த்தார்கள் என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. காரும் லாரியும் மட்டும் வரிசையாக ஓடும் நெடுஞ்சாலைக்கு எழுதிய சூத்திரங்களை நாம் நெடுநாள் அப்படியே கடன்வாங்கிக்கொண்டிருந்தோம்.

பதிவுகளை நம்பும் எந்த முறையும் காலண்டரிடம் தோற்கும் நாட்கள் உண்டு. சிவாஜிநகரில் ஆகஸ்ட் 29 அன்று பசிலிக்காவில் கொடியேறும். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்திய ஆயிரக்கணக்கான பக்தர்கள், தேர் பவனி, போலீஸார் திருப்பிவிடும் பஸ்கள். அது செவ்வாய்க்கிழமையாக இருந்தால், கடந்த செவ்வாய்க்கிழமைகளின் பதிவுகளால் எந்தப் பயனும் இல்லை. ரம்ஜான் மாதத்து மாலைகளும் அப்படித்தான். பிறை பார்த்து வரும் மாதம் ஆங்கிலக் காலண்டரில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், போன வருடத்து அதே தேதியும் உதவாது. இந்த விஷயத்தில் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த ஆட்டோக்காரரின் தலைக்குள் இருப்பது எந்தச் செயலியையும்விடச் சிறந்த மாதிரி.

எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

டாம்டாம் நிறுவனம் 2019-ல் உலக நகரங்களில் பெங்களூருவை நெரிசலில் முதலிடத்தில் வைத்து 71 சதவீதம் என்றது. காலியான சாலையில் 30 நிமிடம் ஆகும் பயணம் சராசரியாக 51 நிமிடம் ஆகும் என்பது பொருள். 2022-ல் நகர மையத்தில் 10 கிலோமீட்டருக்கு 29 நிமிடம் 10 விநாடி என்றது. செய்தித்தாள்களுக்கு இவை நல்ல தலைப்புகள். நாளை காலை கிளம்புகிறவருக்கு உதவாதவை. இரண்டும் சராசரிகள்.

ஓர் எடுத்துக்காட்டு செய்து பார்ப்போம். கே.ஆர்.புரத்துக்கு இருபது நாட்கள் போகிறோம். 8 நாள் 40 நிமிடம், 6 நாள் 45, 3 நாள் 55, 2 நாள் 70, ஒரு நாள் 110 நிமிடம் ஆகிறது. சராசரி ஏறக்குறைய 50 நிமிடம். ஐம்பது நிமிடம் முன்னதாகக் கிளம்பும் வழக்கம் வைத்தால், இருபதில் ஆறு நாள் தாமதம்.

ஆறு நாள் தாமதம் அதிகமா? அது யார் என்பதைப் பொறுத்தது. ஒரு நிமிடம் சீக்கிரம் போய்ச் சும்மா நிற்பதை ஒரு பங்கு நஷ்டம் என்று வைப்போம். ஒரு நிமிடம் தாமதமாவது உங்களுக்கு எத்தனை பங்கு நஷ்டம்? நான்கு பங்கு என்றால், கிளம்பும் நேரத்தை ஒவ்வொரு நிமிடமாக முன்னே நகர்த்திக்கொண்டே போகலாம். தாமதமாகும் நாள் ஒவ்வொன்றிலும் நான்கு பங்கு மிச்சம். மற்ற நாட்களில் ஒரு பங்கு செலவு. ஐந்து நாளில் ஒரு நாள் மட்டும் தாமதமாகும் நிலையில் இரண்டும் சமமாகிவிடும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நஷ்டம் பத்தொன்பது பங்கு என்றால் இருபது நாளில் ஒரு நாள். இரண்டும் சமம் என்றால் பாதி நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

மேலே உள்ள இருபது நாட்களில் இதைப் பொருத்துங்கள். நண்பர் வீட்டுக்குப் போகிறவருக்கு 45 நிமிடம். அலுவலகத்தில் வருகை பதிய வேண்டியவருக்கு 55. தாமதத்துக்குக் கடுமையாகச் சம்பளம் பிடிக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு 70. கே.ஆர்.புரத்தில் சென்னை ரயிலைப் பிடிக்கிறவருக்கு நிமிடக் கணக்கே பொருந்தாது, ஒரு நிமிடம் பிந்தினாலும் ரயில் போயிருக்கும். அவர் அந்த 110-ஐயும் மனதில் வைக்க வேண்டும். நால்வருக்கும் ஒரே சாலை, நான்கு சரியான விடைகள். 50 என்ற சராசரி இவர்களில் ஒருவருக்கும் விடையாகவில்லை.

கவனிக்க வேண்டியது, தாமதத்துக்கு அதிக விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்கள். மடிக்கணினியில் எங்கிருந்தும் வேலை பார்க்கிறவருக்கு 45 போதும். வீட்டுவேலை செய்யும் பெண்ணும், கடையில் நிற்கும் பையனும், காவலாளியும் 70 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பதினேழு நாள் சீக்கிரம் வந்து காத்து நின்ற அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. எந்த நெரிசல் பட்டியலிலும் அது ஏறுவதும் இல்லை.

மெட்ரோ தரும் பெரிய நன்மையை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். 2023 அக்டோபர் 9 முதல் ஊதா வழித்தடம் எம்.ஜி.ரோட்டிலிருந்து டின் ஃபேக்டரியை ஒட்டிய பென்னிகானஹள்ளி வழியாகக் கே.ஆர்.புரத்துக்குத் தடையின்றிப் போகிறது. சிவாஜிநகரிலிருந்து எம்.ஜி.ரோடு போகும் நேரத்தையும் படியேறும் நேரத்தையும் சேர்த்தால், நல்ல நாளில் பைக் இதை வென்றுவிடலாம். ஆனால் ரயிலுக்கு 110 நிமிட நாள் என்பது மிக அரிது. அது வேகத்தைவிட ஊசலாட்டத்தைத்தான் குறைக்கிறது. 2021 செப்டம்பரில் ‘ஊர்ஜா’ என்ற துளையிடும் இயந்திரம் கண்டோன்மெண்ட்டிலிருந்து பூமிக்கடியில் குடைந்துவந்து சிவாஜிநகரில் வெளிப்பட்டது. இந்த இளஞ்சிவப்பு வழித்தடச் சுரங்கத்தின் மதிப்பையும் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதோடு, எத்தனை நாள் நம்பிப் போகலாம் என்பதை வைத்தும் அளக்க வேண்டும்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலியில் கிளம்பும் நேரத்தை நாளை காலைக்கு மாற்றிப் பாருங்கள். ஓர் எண்ணுக்குப் பதிலாக, வழக்கமாக 35 முதல் 65 நிமிடம் என்பதுபோல ஒரு வீச்சைக் காட்டும். தவறவிடக் கூடாத வேலைக்குப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் திருவிழா நாளிலும் அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகரப் பஸ்களை இயக்கும் பிஎம்டிசிக்கும் ஒரு வேண்டுகோள். பஸ்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒவ்வொரு வழித்தடமும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பது பதிவாகிறது. சிவாஜிநகர் பஸ் நிலையத்தின் ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: வழக்கமான நாளில் எவ்வளவு நேரம், இருபது நாளில் பத்தொன்பது நாள் எவ்வளவு நேரத்துக்குள். கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அந்த இரண்டாவது எண் குறைகிறதா என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமையும் அப்போது பயணிகளுக்குக் கிடைக்கும்.